பொதுக் கணினியில் எதைப் பூட்டுவது, எதைத் திறந்துவைப்பது?

பதிவு 1 – வார்டுக்கணினி

அனைவருக்கும் வணக்கம். தென்மாவட்டம் ஒன்றில் உள்ள நடுத்தர மருத்துவமனையில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரே ஆள் நான். பதிவு மேசை, ஆய்வகம், மருந்தகம், வார்டுகளின் செவிலியர் மேசைகள் எல்லாம் சேர்த்து 14 கணினிகள் இருக்கின்றன. அவற்றை 3 ஷிப்டுகளில் ஏறத்தாழ 60 பேர் மாறி மாறிப் பயன்படுத்துகிறார்கள். யாருக்கும் தனிக் கணக்கு கிடையாது. 'வார்டு3' என்று ஒரு பயனர் பெயர், அதற்கொரு கடவுச்சொல், அந்தக் கடவுச்சொல்லை எழுதிய பிளாஸ்திரித் துண்டு மானிட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். நான் பணியில் சேர்வதற்கு முன்பிருந்தே ஏற்பாடு இதுதான்.

ஆளுக்கொரு விதமாக மாற்றிவைப்பதைத் திருத்துவதிலேயே என் காலைப்பொழுது கழிந்துகொண்டிருந்தது. டாஸ்க்பார் திரையின் இடப்பக்கம் போய் நிற்கும்; ஐகான்கள் இலந்தைப்பழ அளவிலிருந்து பூசணிக்காய் அளவுக்கு வளர்ந்திருக்கும்; பிரவுசரில் ராசிபலன் சொல்லும் நீட்சி ஒன்று முளைத்திருக்கும்; திரையே தலைகீழாகத் திரும்பியிருந்த நாளும் உண்டு. ஆகவே சென்ற மாதம் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் பூட்டினேன். விண்டோஸில் நிர்வாகி கட்டுப்பாடுகளை விதிக்க உதவும் குரூப் பாலிசி வழியாகப் பின்னணிப் படம், தீம், டாஸ்க்பார் ஆகியவற்றை மாற்ற முடியாதபடி செய்து, கண்ட்ரோல் பேனலையும் செட்டிங்ஸையும் முழுவதுமாக அடைத்து, வார்டுக் கணினிகள் நான்கில் மறுதொடக்கம் செய்தவுடன் பழைய நிலைக்கே திரும்பிவிடும் மென்பொருள் ஒன்றையும் நிறுவினேன்.

இரண்டு வாரம் அமைதியாகக் கழிந்தது. பிறகு ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். இடக்கைப் பழக்கமுள்ள ஆய்வக நுட்புநரால் மவுஸின் பொத்தான்களை மாற்றிக்கொள்ள முடியவில்லை. பதிவு மேசையில் உள்ளவருக்குத் தாம் பழகிய தமிழ் விசைப்பலகை கிடைக்கவில்லை. இரவுப்பணியில் உள்ள மூத்த செவிலியர், எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை என்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, வார்டு சிஸ்டர் மூன்று நாள் உட்கார்ந்து தயாரித்து டெஸ்க்டாப்பில் வைத்திருந்த மாதப் பணிப்பட்டியல் ஒரு மின்தடையோடு காணாமல் போனது. டெஸ்க்டாப்பில் சேமித்தால் நிற்காது என்று அவரிடம் நான் சொல்லியிருக்கவில்லை. அந்தப் பிழை முழுக்க என்னுடையது.

பொதுக் கணினிகளைப் பராமரிப்பவர்களும் அவற்றில் வேலை செய்பவர்களும் இங்கே இருக்கிறீர்கள். நான் செய்தது தேவையான கட்டுப்பாடா, அல்லது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையா என்று சொல்லுங்கள்.

பதிவு 2 – பழையநிர்வாகி

நீங்கள் செய்ததில் பெரிய தவறு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பிரவுசிங் சென்டர் நடத்தி, பிறகு கல்லூரி ஆய்வகத்தில் கணினி நிர்வாகியாக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பலர் தொடும் கருவியில் ஒருவரின் விருப்பம் இன்னொருவரின் இடைஞ்சல். இந்தச் சிக்கலுக்காகவே மைக்ரோசாஃப்ட் முன்பு விண்டோஸ் எக்ஸ்பி, விஸ்டா இரண்டுக்கும் ஸ்டெடிஸ்டேட் என்ற கருவியை இலவசமாகத் தந்தது. பயனர் செய்த மாற்றங்கள் அனைத்தையும் மறுதொடக்கத்தில் துடைத்துவிடும் வசதி அதில் இருந்தது. விண்டோஸ் 7-க்கு அதைக் கொண்டுவராமல், 2010-ஆம் ஆண்டு முடிவோடு பதிவிறக்கத்தையும் நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு பல ஆய்வகங்கள் டீப் ஃப்ரீஸ் போன்ற கட்டண மென்பொருளுக்குப் போயின.

பணம் செலவழிக்க விருப்பமில்லை என்றால் விண்டோஸிலேயே பழைய வழி ஒன்று இருக்கிறது. பயனரின் அமைப்புகளில் பெரும்பாலானவை அவருடைய கோப்புறையில் உள்ள 'என்டியூசர்.டேட்' என்ற கோப்பில்தான் இருக்கின்றன. மாதிரிக் கணக்கு ஒன்றை முறைப்படி தயாரித்துப் பொதுவான இடத்தில் வைத்து, அந்தக் கோப்பின் பெயரின் பிற்பகுதியை 'மேன்' என்று மாற்றிவிட்டால், பயனர் என்ன மாற்றினாலும் வெளியேறும்போது சேமிக்கப்படாது; அடுத்த முறை நுழையும்போது நீங்கள் வைத்தபடியே இருக்கும். கட்டாய ப்ரொஃபைல் என்பது இதுதான்.

இன்னொன்று. உள்ளூர் குரூப் பாலிசியை அப்படியே திறந்து பூட்டியிருந்தால் நிர்வாகிக் கணக்கும் சேர்ந்து பூட்டப்பட்டிருக்கும். உங்களுக்கே கண்ட்ரோல் பேனல் திறந்திருக்காது என்று நினைக்கிறேன். நிர்வாகக் கருவிகளை ஒரே இடத்தில் திறக்கும் எம்.எம்.சி.யில் பாலிசி எடிட்டரைச் சேர்க்கும்போது 'பயனர்கள்' தாவலுக்குச் சென்று, நிர்வாகிகள் அல்லாதவர்கள் என்ற குழுவைத் தேர்ந்தெடுத்தால் பூட்டு அவர்களுக்கு மட்டும் விழும்.

மற்றபடி, பேருந்தில் ஏறும் பயணி இருக்கையைத் தம் உயரத்துக்கு மாற்றித்தர வேண்டும் என்று கேட்பதில்லை. பொதுக் கணினியும் அப்படித்தான்.

பதிவு 3 – தட்டச்சர்

பழையநிர்வாகி ஐயா அவர்களின் பேருந்து உவமையை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அவர் ஆளைத் தவறான இருக்கையில் உட்கார வைத்துவிட்டார். பயணி இருக்கையை மாற்றுவதில்லை என்பது உண்மை. ஓட்டுநரோ, முந்தைய ஓட்டுநர் இறங்கியவுடன் முதலில் இருக்கையையும் கண்ணாடியையும் தமக்கேற்பத் திருத்திவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார். எட்டு மணி நேரம் விசைப்பலகையில் வேலை செய்பவர் இந்த இரண்டில் யார்?

அரசு நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் தமிழ்த் தட்டச்சு இளநிலையும் முதுநிலையும் தேறியவள் நான். என் விரல்கள் பழகியது பழைய தட்டச்சுப் பொறியின் முறை. அதில் 'கெ' என்று அடிக்க வேண்டுமானால் கொம்பை முதலில் தட்டி, ககரத்தைப் பிறகு தட்ட வேண்டும். 1999-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 முறையில் ககரம் முதலில் வரும், எகரம் பின்னால் வரும். என் பக்கத்து மேசையில் இருக்கும் இளைஞர் ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழாக்கும் ஒலிபெயர்ப்பு முறையைத் தவிர வேறு எதையும் அறியாதவர். அவர் 'அம்மா' என்று எழுத ஆங்கில 'எம்' விசையை இரண்டு முறை தட்டுவார். கணினி தமிழ்99-இல் பூட்டப்பட்டிருந்தால் மகரம் வர வேண்டிய இடத்தில் ரகரம் வந்து நிற்கும், ஏனெனில் அந்த முறையில் ரகரம் இருப்பது அந்த விசையில்தான். இப்படி ஒரே நாற்காலியில் மூன்று விதமான விரல்கள் மாறி மாறி உட்காருகின்றன. விசைப்பலகையைப் பூட்டுவது சுவரின் நிறத்தைப் பூட்டுவது போன்றதன்று. அது எங்கள் கையைக் கட்டுவது.

இதில் நுட்பமான தொல்லை ஒன்றும் உண்டு. தமிழ்99, அஞ்சல் போன்ற விசைப்பலகைகள் இப்போது விண்டோஸிலேயே கிடைக்கின்றன. மொழிப் பகுதியில் சேர்த்தால் போதும். தட்டச்சுப் பொறி முறைக்கோ என்.எச்.எம். ரைட்டர் போன்ற தனி மென்பொருள் வேண்டும். அதை நிறுவ நிர்வாகியின் அனுமதி தேவைப்படுகிறது. நிர்வாகி 'தமிழ்தான் இருக்கிறதே, பிறகு என்ன?' என்று கேட்பார். தமிழ் இருக்கிறது, என் தமிழ் இல்லை. நோயாளியின் பெயரில் ழகரத்தைத் தேடி நான் விசைப்பலகையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது எதிரே வரிசை நீண்டுகொண்டே போகும்.

உங்கள் பதிவு மேசைக்காரர் எந்த முறையைக் கேட்கிறார் என்று முதலில் விசாரியுங்கள்.

பதிவு 4 – இரவுப்பணி

நான் செவிலியர், இந்த மருத்துவமனையில் அல்ல, வேறொன்றில். இங்கே எல்லோரும் 'உட்கார்ந்து' வேலை செய்வதைப் பற்றிப் பேசுகிறீர்கள். நாங்கள் வார்டுக் கணினியின் முன் உட்காருவதே இல்லை. கையுறையைக் கழற்றிவிட்டு, நின்றபடியே குனிந்து, ரத்த அழுத்தத்தையும் கொடுத்த மருந்தையும் பதிவு செய்துவிட்டு இரண்டு நிமிடத்தில் நகர்ந்துவிடுகிறோம். அடுத்த நிமிடம் வேறொருவர் வந்து குனிகிறார்.

எங்கள் இடத்தில் ஒருமுறை ஆளுக்கொரு விண்டோஸ் கணக்கு கொடுத்துப் பார்த்தார்கள். புதிய கணக்கில் முதல்முறை நுழையும்போது திரையில் 'ஹாய்' என்று எழுதி, சற்றுப் பொறுங்கள் என்று சொல்லி, நிறம் மாறி மாறி ஒளிரும். அந்த நேரத்தில் பக்கத்துக் கட்டிலில் சொட்டுமருந்து முடிந்து மணி அடிக்கும். ஒருவர் வெளியேறாமல் போனால் அவருடைய கணக்கு பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். நான்கு பேர் அப்படிப் போனால் ஐந்தாமவருக்குக் கணினி நத்தையாகிவிடும். மூன்றாம் நாளே யாரோ ஒருவர் தம் கணக்கைத் திறந்து வைத்துவிட்டுப் போக, எல்லோரும் அதிலேயே பதிவு செய்யத் தொடங்கினோம். பொதுக் கணக்கு மறுபடியும் வந்துவிட்டது. ஒரே வேறுபாடு, இந்த முறை அது ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது, செய்யாத பதிவுக்கெல்லாம் அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

எழுத்துப் பெரிதாக்குவது பற்றியும் ஒரு சொல். எங்கள் மென்பொருள் பிரவுசரில்தான் திறக்கும். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு மவுஸின் சக்கரத்தைச் சுழற்றினால் எழுத்து பெரிதாகிவிடும். இதற்கு செட்டிங்ஸ் எதுவும் வேண்டியதில்லை. ஆனால் அந்த அளவை பிரவுசர் நினைவில் வைத்துக்கொள்ளும். நான் 150 விழுக்காட்டில் விட்டுப்போனால், காலையில் வருபவரின் திரையில் வலக்கோடியில் உள்ள ஒவ்வாமைப் பத்தி கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருக்கும். அவர் பக்கவாட்டில் நகர்த்திப் பார்த்தால்தான் தெரியும். பார்ப்பார் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

பதிவு 5 – வார்டுக்கணினி

மறுமொழி தந்த மூவருக்கும் நன்றி. நான் ஏன் ஒரேயடியாகப் பூட்டினேன் என்பதற்கான உண்மைக் காரணத்தை முதல் பதிவில் எழுதத் தயங்கினேன், இப்போது எழுதுகிறேன். டாஸ்க்பாரும் ராசிபலனும் எரிச்சல் மட்டுமே. என்னைப் பயமுறுத்தியது ஒரு தேதி.

எங்கள் ஆய்வகக் கருவி நாள்தோறும் முடிவுகளைக் காற்புள்ளியிட்ட உரைக்கோப்பாகத் தருகிறது. அதை எக்செலில் திறந்து, மறுபரிசோதனைக்கு அழைக்க வேண்டியவர்களின் பட்டியலைத் தயாரிப்பார்கள். ஒருநாள் நோயாளி ஒருவர் தொலைபேசியில், 'எனக்கு ஜூலையில்தானே வரச்சொன்னீர்கள், இப்போதே ஏன் கூப்பிடுகிறீர்கள்?' என்று கேட்டார். பட்டியலில் ஏப்ரல் 7 என்று இருந்தது. கருவி எழுதியது ஜூலை 4. நாளும் மாதமும் இடம் மாறியிருந்தன.

கோப்பைத் திறந்து பார்த்தபோது ஒரு விந்தையைக் கண்டேன். சில தேதிகள் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டியிருந்தன, சில இடப்பக்கம் ஒட்டியிருந்தன. 12-ஆம் தேதி வரை உள்ளவை எல்லாம் வலப்பக்கம், 13 முதல் 31 வரை உள்ளவை எல்லாம் இடப்பக்கம். பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாததால் எக்செல் அவற்றைத் தேதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. 12-க்குள் இருந்தவற்றையோ அமெரிக்க முறையில் மாதத்தை முன்வைத்துப் படித்து, எந்தச் சந்தேகமும் எழாதபடி மாற்றிப்போட்டிருந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆயிற்று. கணினியின் வட்டார அமைப்பு இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்கு மாறியிருந்தது.

மாற்றியவர் விளையாட்டாகச் செய்யவில்லை என்பதுதான் இதில் வருத்தம். இந்திய அமைப்பில் கடிகாரம் 14:30 என்று காட்டியது; அவருக்கு 2:30 என்று வேண்டும். ஏதோ ஒரு காணொளியைப் பார்த்து, நாட்டை மாற்றினால் கடிகாரம் மாறும் என்று தெரிந்துகொண்டு மாற்றினார். கடிகாரமும் மாறியது. நல்லவேளையாக யாருக்கும் தீங்கு நேரவில்லை; அழைக்கப்படாமல் விடப்பட்டவர்களையும் தேடிப்பிடித்து அழைத்துவிட்டோம்.

அன்று மாலையே எல்லாவற்றையும் பூட்டினேன். தேதியை மட்டும் பூட்டியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. கோபத்தில் இருப்பவன் சாவியைத் தேர்ந்தெடுப்பதில்லை.

பதிவு 6 – பழையநிர்வாகி

தட்டச்சர் அம்மா என்னைப் பயணி இருக்கையிலிருந்து எழுப்பிவிட்டார், அதை ஒப்புக்கொள்கிறேன். நான் நடத்திய ஆய்வகத்தில் மாணவர்கள் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போவார்கள். நாள் முழுவதும் அதே நாற்காலியில் இருப்பவர்களைப் பற்றி நான் யோசித்ததில்லை.

தேதிக்கு வருவோம். குரூப் பாலிசியில் 'சிஸ்டம்' என்பதன் கீழ் 'லோகேல் சர்வீசஸ்' என்று ஒரு பகுதி இருக்கிறது. யாரும் எட்டிப் பார்க்காத மூலை அது. பயனர் வட்டார அமைப்பின் மீது தம் மாற்றங்களைச் செய்வதைத் தடுக்கும் பாலிசி அங்கே உள்ளது. அதன் தன்மை ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதை இயக்கும் நேரத்தில் என்ன மாற்றங்கள் இருந்தனவோ அவை அப்படியே உறைந்துவிடும். இதை உங்களுக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். முதலில் வட்டாரத்தை இந்தியா என்றே வைத்து, நேரத்தின் வடிவத்தை மட்டும் 12 மணி முறைக்கு மாற்றுங்கள், பிறகு பூட்டுங்கள். 2:30 என்ற கடிகாரமும் கிடைக்கும், தேதியும் தப்பும். அதே பகுதியில், பயனர் வேறு வட்டாரத்தையே தேர்ந்தெடுக்காதபடி தடுக்கும் பாலிசியும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் போடுங்கள்.

எக்செலில் கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்காமல், தரவு இறக்குமதி வழியாகக் கொண்டுவந்து அந்தப் பத்தி நாள்-மாதம்-ஆண்டு என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவது இன்னும் உறுதியான வழி. ஆனால் 60 பேரை அப்படிப் பழக்குவதைவிட 14 கணினிகளைப் பூட்டுவது எளிது.

கண்ட்ரோல் பேனலை முழுவதும் அடைத்ததுதான் உங்கள் முறையீடுகளில் பாதிக்குக் காரணம். மவுஸ், மொழி, திரையளவு, அணுகல் வசதிகள் எல்லாம் அந்த ஒரே கதவுக்குப் பின்னால் இருக்கின்றன. அந்தப் பாலிசியை எடுத்துவிட்டு, செட்டிங்ஸின் எந்தெந்தப் பக்கங்கள் தெரிய வேண்டும் என்று பட்டியலிடும் 'பேஜ் விசிபிலிட்டி' பாலிசியைப் பயன்படுத்துங்கள். மவுஸ், மொழி, அணுகல் வசதி ஆகிய பக்கங்கள் மட்டும் தெரியட்டும். மொழிப் பக்கத்தோடு வட்டாரப் பக்கத்தையும் சேர்த்துத் திறந்துவிடாதீர்கள். இரண்டும் ஒரே தலைப்பின் கீழ் அடுத்தடுத்து இருப்பவை.

பதிவு 7 – திரைபடிப்பான்

நான் பார்வையற்றவன், அரசு அலுவலகம் ஒன்றில் பணிபுரிகிறேன். 'அணுகல் வசதி' என்று பழையநிர்வாகி ஒரு சொல்லில் கடந்துபோனதைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதியுங்கள், ஏனெனில் மறுதொடக்கத்தில் எல்லாவற்றையும் துடைக்கும் ஏற்பாட்டால் நான் ஓராண்டு அவதிப்பட்டேன்.

நான் பயன்படுத்துவது என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைபடிப்பு மென்பொருள். தமிழையும் படிக்கும். பல ஆண்டுப் பழக்கத்தால், பார்வையுள்ளவர்கள் கேட்டால் வெறும் இரைச்சல் என்று நினைக்கும் வேகத்தில் அதைக் கேட்கிறேன். எங்கள் அலுவலகக் கணினி ஒவ்வொரு காலையும் அந்த வேகத்தை மறந்துவிட்டு, முதல் வகுப்புப் பிள்ளைக்குப் பாடம் சொல்வது போல ஒவ்வொரு சொல்லாக வாசிக்கத் தொடங்கும். வேகம், குரல், நிறுத்தற்குறிகளைச் சொல்ல வேண்டுமா என்பது, இவற்றையெல்லாம் நாள்தோறும் சரிசெய்த பிறகே முதல் கோப்பைத் திறப்பேன். உங்கள் மூக்குக்கண்ணாடியை மாலைதோறும் யாரோ வாங்கி உடைத்துவிட்டு, காலையில் புதிதாகச் செய்துகொள்ளச் சொன்னால் எப்படி இருக்கும்?

பென் டிரைவில் வைத்துப் பயன்படுத்தலாமே என்று அங்கிருந்த நிர்வாகி சொன்னார். அந்த மென்பொருளுக்கு அப்படி ஒரு வடிவம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் நுழைவுத் திரையில் அது பேசாது. ஆகவே கடவுச்சொல்லை இடும் கட்டத்தில் இருக்கிறேனா என்பது எனக்குத் தெரியாது. சில மாதங்களில் பென் டிரைவுகளையே தடை செய்தார்கள். இரண்டு முடிவுகளையும் எடுத்தவர் ஒருவரே. இரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன என்று அவருக்குத் தோன்றவில்லை.

அரசு நிறுவனங்கள் மாற்றுத்திறனாளிப் பணியாளர்களுக்கு நியாயமான வசதிகளைச் செய்து தர வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 20-ஆம் பிரிவு சொல்கிறது. நான் சட்டத்தைக் காட்டவில்லை. மென்பொருளைக் கணினியிலேயே நிறுவி, என் அமைப்புக் கோப்புறையை மட்டும் துடைப்பிலிருந்து விலக்கி வைக்குமாறு கேட்டேன். அரை மணி நேர வேலை. அதைச் செய்ய வைக்க ஓராண்டு ஆயிற்று.

பதிவு 8 – அச்சகத்தான்

எங்கள் அச்சகத்தில் 3 கணினிகள், 5 வடிவமைப்பாளர்கள். எங்களுக்கு வந்த சண்டை எழுத்துருவைப் பற்றியது. வாடிக்கையாளர்கள் இன்னமும் பாமினியிலும் வானவில்லிலும் கோப்புகளைக் கொண்டுவருகிறார்கள். அந்த எழுத்துரு கணினியில் இல்லையென்றால் கல்யாணப் பத்திரிகை முழுவதும் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தெரியும். ஆகவே எழுத்துருவைப் பூட்டவே முடியாது என்று இருந்தோம். பிறகு ஒவ்வொருவரும் ஒரே பெயரில் வெவ்வேறு பதிப்புகளை ஏற்றி, ஒரு கணினியில் நான்கு பக்கத்தில் முடிந்த மலர் இன்னொன்றில் ஐந்தாம் பக்கத்துக்கு வழிந்தது. இப்போது எழுத்துருக் கோப்புறை ஒன்றே. புதிதாக ஒன்று வேண்டுமானால் என்னிடம் கேட்க வேண்டும், நான் மூன்று கணினிகளிலும் ஒரே நேரத்தில் ஏற்றுவேன். விண்டோஸ் 10-இன் 2018 பதிப்பிலிருந்து நிர்வாகி அனுமதி இல்லாமலே ஒருவர் தமக்கு மட்டும் எழுத்துரு ஏற்றிக்கொள்ள முடிகிறது என்பதை நினைவில் வையுங்கள். பூட்டியிருப்பதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் கதவு அது.

பின்னணிப் படத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அதைப் பூட்டியதை நான் ஆதரிக்கிறேன். எங்கள் கணினியில் பகலில் முருகன் இருப்பார், இரவில் நடிகர் இருப்பார். முருகனை எடுத்தது யார் என்று கேட்டு இரண்டு நாள் பேச்சுவார்த்தை நின்றது. தேர்தல் நேரத்தில் தலைவர் ஒருவரின் படம் வந்தபோது வாடிக்கையாளர் ஒருவர் வாசலோடு திரும்பிப் போனார். இப்போது மூன்றிலும் வெறும் சாம்பல் நிறம். வண்ணங்களைப் பார்த்து வேலை செய்கிற எங்களுக்கு அதுதான் கண்ணுக்கும் நல்லது.

பதிவு 9 – இரவுப்பணி

பின்னணிப் படத்தில் மட்டும் எனக்குச் சிறு மாற்றுக்கருத்து. எங்கள் வார்டில் ஒரு சிஸ்டர் தம் கைக்குழந்தையின் படத்தை வைத்திருந்தார். பன்னிரண்டு மணி நேரம் பிள்ளையைப் பிரிந்திருப்பவர். அதை நீக்கியபோது யாருக்கும் எந்த இடைஞ்சலும் நீங்கவில்லை. மருத்துவமனையின் சின்னத்தை அங்கே வைத்தார்கள். அதை நாங்கள் சுவரிலும் சீருடையிலும் தண்ணீர் டம்ளரிலும் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். பொதுக் கணக்கில் அது முடியாது என்பது எனக்கும் புரிகிறது. புரிகிறது என்பதற்காக வருத்தம் இல்லாமல் போகாது.

பதிவு 10 – வார்டுக்கணினி

இந்த இழையைப் படித்துக்கொண்டே ஒவ்வொன்றாக மாற்றி வருகிறேன். இதுவரை செய்ததை எழுதுகிறேன். தவறு தெரிந்தால் திருத்துங்கள்.

பூட்டைக் கணினிவாரியாகப் பார்ப்பதை விட்டுவிட்டு, அதன் முன் ஆள் எவ்வளவு நேரம் இருக்கிறார் என்று பார்த்தேன். பதிவு மேசை, ஆய்வகம், மருந்தகம் ஆகிய இடங்களில் ஷிப்ட் முழுவதும் ஒருவரே உட்காருகிறார். அங்கே 22 பேருக்குத் தனிக் கணக்கு கொடுத்துவிட்டேன். முதல்முறை நுழையும்போது வரும் 'ஹாய்' திரையைப் பாலிசியில் நிறுத்தினேன். ஒவ்வொருவரையும் ஓய்வு நேரத்தில் அழைத்து, முதல் நுழைவை என் முன்னாலேயே முடிக்க வைத்தேன். மவுஸ், விசைப்பலகை, எழுத்தளவு, பின்னணிப் படம் எல்லாம் அங்கே அவரவர் விருப்பம். இடக்கை நுட்புநர் மவுஸை மாற்றிக்கொண்டார். அடுத்து வருபவர் தம் கணக்கில் நுழைந்தால் அது வலக்கை மவுஸாகவே இருக்கிறது. பதிவு மேசைக்காரர் கேட்டது தட்டச்சுப் பொறி முறையைத்தான். தட்டச்சர் அம்மா சொன்னபடி விசாரித்திருக்காவிட்டால் நான் தமிழ்99-ஐச் சேர்த்துவிட்டு வேலை முடிந்தது என்று போயிருப்பேன்.

வார்டுகளில் பொதுக் கணக்கே தொடர்கிறது. அங்கே பின்னணியும் டாஸ்க்பாரும் பூட்டியபடியே இருக்கும். ஆனால் மருத்துவமனை மென்பொருளுக்குள் ஒவ்வொருவரும் தம் பெயரில் நுழைய வேண்டும், மூன்று நிமிடம் தொடாமல் இருந்தால் அது தானாக வெளியேறிவிடும். எழுத்தளவை அந்த மென்பொருளிலேயே பயனர்வாரியாக வைக்குமாறு தயாரித்தவர்களிடம் கேட்டிருக்கிறேன். அதுவரை, பிரவுசரை மூடினாலே நினைவில் உள்ளவை அழிந்துவிடும்படி வைத்திருக்கிறேன். ஒவ்வாமைப் பத்தியைப் பற்றி இரவுப்பணி சிஸ்டர் எழுதியதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எல்லாக் கணினிகளிலும் விதிவிலக்கின்றிப் பூட்டியவை மூன்று: வட்டார அமைப்பு, மென்பொருள் நிறுவுதல், பிரவுசர் கடவுச்சொல்லைச் சேமித்தல். மூன்றாவதைப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. 'வார்டு3' கணக்கின் பிரவுசரில் 11 பேரின் சொந்த மின்னஞ்சல் கடவுச்சொற்களும், ஒருவரின் வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லும் சேமிக்கப்பட்டிருந்தன. பிளாஸ்திரியில் எழுதிய கடவுச்சொல் தெரிந்த யாரும் அவற்றைத் திறந்து படித்திருக்கலாம். ஒவ்வொருவரையும் தனியாக அழைத்துச் சொல்லி, கடவுச்சொல்லை மாற்றச் சொன்னேன். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 நோயாளிகளின் தரவுக்கு நிறுவனத்தைப் பொறுப்பாக்குவதைக் காட்டித்தான் நிர்வாகத்திடம் இதற்கான நேரத்தையும் அனுமதியையும் வாங்கினேன். பாதுகாப்பில் தவறினால் தண்டத்தொகை 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்ற வரியை மட்டும் அவர்கள் இருமுறை படித்தார்கள்.

மறுதொடக்கத்தில் துடைக்கும் மென்பொருளை இரண்டு கணினிகளிலிருந்து எடுத்துவிட்டேன். மற்ற இரண்டில், துடைக்கப்படாத தனிப் பகுதி ஒன்றை ஒதுக்கி, 'பணிப்பட்டியல்' என்று பெயரிட்டு வார்டு சிஸ்டரிடம் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை, அச்சிட்டும் வைத்துக்கொள்கிறேன் என்றார்.

பதிவு 11 – லினக்ஸ்பக்கம்

விண்டோஸைப் பற்றியே பேச்சு போகிறது. பின்னால் இதைத் தேடி வருபவர்களுக்காக இரண்டு வரி. லினக்ஸின் திரைச்சூழல்களில் ஒன்றான க்னோமில், அமைப்புகளைச் சேமிக்கும் 'டிகான்ஃப்' தரவுத்தளத்தில் 'லாக்ஸ்' என்ற கோப்புறை உண்டு. எந்தெந்த அமைப்புகளைப் பயனர் மாற்றக்கூடாதோ அவற்றின் பெயர்களை மட்டும் அதில் எழுதினால் போதும், மற்றவை திறந்தே இருக்கும். இன்னொரு திரைச்சூழலான கேடிஈயில் அமைப்புக் கோப்பின் வரியிலேயே மாற்றக்கூடாது என்று குறியிட்டுவிடலாம். ஒவ்வொரு பூட்டையும் பெயர் சொல்லி எழுத வேண்டியிருப்பதால், எதற்காகப் பூட்டுகிறோம் என்று ஒரு கணமாவது யோசிக்க நேர்கிறது.

பதிவு 12 – தட்டச்சர்

பதிவு மேசைக்காரருக்கு அவருடைய விசைப்பலகை கிடைத்ததில் மகிழ்ச்சி. ஒன்றை மட்டும் சரிபாருங்கள். பொது மேசையில் ஒருவர் தமிழ் விசைப்பலகையில் இருக்கும்போதே திரையைப் பூட்டிவிட்டுப் போனால், அவர் திரும்பி வரும்போது நுழைவுத் திரையிலும் அது தமிழிலேயே இருந்துவிடக் கூடும். கடவுச்சொல் கட்டத்தில் புள்ளிகள் மட்டுமே தெரிவதால் எந்த மொழியில் அடிக்கிறோம் என்று தெரியாது. மூன்று முறை தவறினால் கணக்கே பூட்டிக்கொள்ளும் விதி எங்கள் அலுவலகத்தில் இருந்தது. காலையில் பாதிப் பேர் நிர்வாகியின் அறை வாசலில் நிற்பார்கள்.

பதிவு 13 – வார்டுக்கணினி

இன்று காலை ஏழரை மணிக்கு மருந்தகத்திலிருந்து வந்த அழைப்பு இதே காரணத்துக்குத்தான், அம்மா. காப்ஸ் லாக் என்று நினைத்து விசைப்பலகையையே மாற்றிப் பார்த்துவிட்டேன். நுழைவுத் திரையின் வலக்கீழ் மூலையில் மொழியின் சுருக்கப்பெயர் சிறிதாகத் தெரிகிறது. விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் தட்டினால் மாறுகிறது. நிர்வாக மொழி அமைப்பில் நுழைவுத் திரைக்கும் புதிய கணக்குகளுக்கும் ஆங்கிலத்தை முதலாவதாக வைத்து நகலெடுத்துவிட்டேன். பழைய கணக்குகளுக்கு அது செல்லாதாகையால், அந்த 22 பேரின் கணக்குகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். இன்று 6 முடிந்தது.